ஸ்போக்கன் இங்கிலீஷுக்குக் கட்டிய பணமும் சூயஸில் மாட்டிய கப்பலும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரரான பையருக்கும் இங்கே உள்ள நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் ஆட்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவது. டையிங்காரர் சத்தம் போட்டால் நாமும் சத்தம் போட்டுவிட்டு, மறுநாள் ஒரு டீயில் சரிசெய்துகொள்ளலாம். பையர் சத்தமே போட மாட்டார். மரியாதையாக நாலு வரி மெயில் அனுப்புவார். அது பாராட்டா, எச்சரிக்கையா, அடுத்த ஆர்டரை வேறு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கப்போகிறாரா என்பது ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தால்தான் பிடிபடும். தாராபுரம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பி.காம். முடித்து, 2019ல் வேலைக்கு வந்தவள் நான். அந்த நாலு வரியைத் திறக்கும்போதே வயிறு கலங்கும்.

மெயிலாவது பரவாயில்லை, அகராதி பார்த்துக்கொள்ளலாம். வீடியோ கால்தான் கொடுமை. எந்த நிறத்துக்கு லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு, அப்ரூவல் வரவில்லை, எந்த ஸ்டைலுக்கு பட்டன் வந்து சேரவில்லை என்பதெல்லாம் என் நோட்டில்தான் இருக்கும். கேள்வி கேட்டால் நான் ஒரு சீட்டில் தமிழில் எழுதி மேனேஜர் பக்கம் தள்ளுவேன். அவர் அதை ஆங்கிலத்தில் சொல்வார். "வெல் டன்" அவருக்குப் போகும். பொறாமை என்று சொல்ல முடியாது, ஆனால் எரிச்சல் இருந்தது. விஷயம் தெரிந்தவள் வாய் மூடி உட்கார்ந்திருப்பதும், தெரியாதவர் பேசிப் பேர் வாங்குவதும் தினம் நடந்தால் யாருக்குத்தான் எரியாது?

அந்த எரிச்சலில்தான் அவினாசி ரோட்டில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் நிறுவனத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். கட்டணம் 22,000 ரூபாய். கையில் அவ்வளவு இல்லை என்றதும் கவுன்சலர் பொண்ணு சிரித்துக்கொண்டே, "மாசத் தவணையாக் கட்டிக்கலாங்க அக்கா, வட்டியே இல்லீங்க" என்று ஒரு போனை நீட்டினாள். ஆதார், பான், ஒரு செல்ஃபி, ஒரு ஓ.டி.பி. பத்தே நிமிஷம். நான் நிறுவனத்துக்குத் தவணை கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி என் பெயரில் கடன் கொடுத்து, முழுப் பணத்தையும் அன்றைக்கே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டது. வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும் கடன் கடன்தான். வகுப்பு சரியில்லை என்று நான் நிறுத்தியபோது, "கட்டினதத் திருப்பித் தர்ற வழக்கமில்லீங்க" என்றார்கள். தவணையை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அங்கே நிற்கும். ஆகவே போகாத வகுப்புக்குக் கடைசி மாதம் வரை கட்டினேன்.

வகுப்பில் என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லாரும் எழுந்து "ஐ ஹெய்ல் ஃப்ரம் தாராபுரம்" என்று சுய அறிமுகம் செய்ய வேண்டும். என் அனுபவத்தில் எந்த பையரும் நான் எங்கிருந்து ஹெய்ல் ஆகிறேன் என்று கேட்டதில்லை. அப்புறம் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அகர வரிசையில் சொற்கள்: அபாண்டன், அபேட், அபெட், அபார். தினமும் பத்துச் சொல் மனப்பாடம். மறுநாள் ஒப்பிக்க வேண்டும். இந்த நாலு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்றையொன்று குழப்பியதுதான் மிச்சம். 'அபேட்' என்பதற்குத் தணிதல் என்று பொருள் தெரியும். ஆனால் எது தணியும்? மழையா, கோபமா, விலையா? அது அந்தப் புத்தகத்தில் இல்லை. ஓர் ஆண்டின் பெரும்பகுதி மாலைகள் அதில் போயின. இது போதாதென்று ஒரு வொக்காபுலரி ஆப்பும் வாங்கினேன். முதல் மாதம் இலவசம் என்று யு.பி.ஐ. ஆட்டோபேக்கு சம்மதம் வாங்கிக்கொண்டார்கள். ஆப்பை டெலீட் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், பணம் மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டே இருந்தது. ஆப்பை நீக்கினால் ஆட்டோபே நீங்காது. ஜிபே, போன்பே எதுவானாலும் உள்ளே போய் ஆட்டோபே பட்டியலைத் திறந்து அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்.

ஆகவே வகுப்பில் சேருகிறவர்களுக்குச் சொல்வது: சேரும் முன் ஒரு முழு வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். டெமோ கிளாஸ் வேண்டாம், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வகுப்பு. விடாவிட்டால் அங்கேயே திரும்பிவிடலாம். தவணை என்றால் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டு, கடன் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதா மாதம் நேரடியாகக் கட்டும் சின்ன டியூஷன் சென்டர் எவ்வளவோ மேல். பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நின்றுவிடலாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கம்பெனி மூடியது, நான் ஊருக்குப் போனேன். அங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். என் அப்பத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அவர் வாயில் க்வாரன்டீன், கன்டெயின்மென்ட் ஸோன், லாக்டவுன், ஆக்சிஜன் லெவல் எல்லாம் சரளமாக வந்தன. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' என்றால் கெட்ட செய்தி, 'நெகட்டிவ்' என்றால் நல்ல செய்தி என்பதுகூடக் குழம்பாமல் தெரிந்திருந்தது. யாரும் அவருக்கு மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. ஒரே விஷயத்தைப் பற்றி, அதே சொற்களால், தினமும் டி.வி. பேசியது. அந்த விஷயம் அவருடைய உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தது. 22,000 ரூபாய் கட்டி எனக்கு வராதது அப்பத்தாவுக்கு இலவசமாக வந்துவிட்டதே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் யோசித்தேன்.

ஆங்கிலப் பேப்பர் படி, தலையங்கம் படி என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் படித்துப் பார்த்திருக்கிறேன், முதல் பத்தியிலேயே தூக்கம் வந்தது. தலையங்கம் என்பது செய்தியை ஏற்கெனவே அறிந்தவருக்கு எழுதுவது. அது ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சரி. ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருந்தால்தான் மீதியைத் தடங்கலில்லாமல் ஊகிக்க முடியும் என்று பால் நேஷன் போன்ற மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தலையங்கத்தில் எனக்கு எழுபது தெரிந்திருந்தாலே அதிகம். ஆனால் விஷயம் முன்னமே தெரிந்திருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தளர்கிறது. ஆகவே ஊரில் இருந்தபோது காலையில் டீக்கடையிலிருந்து வரும் தமிழ்ப் பேப்பரை முதலில் படித்துவிட்டு, அதே செய்தியை ஆங்கிலத்தில் போனில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலக அரசியல் இல்லை. மழை, விபத்து, திருட்டு, தங்கம் விலை, கிரிக்கெட். என்ன நடந்தது என்று தெரிந்திருப்பதால் சொல் தானாக இடத்தில் போய் உட்காரும். அகராதியைத் திறக்காமலே பாதி புரிந்தது.

தலைப்புகள்தான் முதலில் படுத்தின. ஆங்கிலப் பேப்பர் தலைப்புக்குத் தனி இலக்கணம் உண்டு, அதை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் யாரும் சொல்வதில்லை. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள். 'டு விசிட்' என்று வந்தால் இனிமேல் வரப்போகிறார். 'ஃபோர் ஹெல்ட்' என்றால் நாலு பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அதாவது கைது. 'ஆர்' என்ற துணைவினையை விழுங்கிவிட்டார்கள். 'அண்ட்' வர வேண்டிய இடத்தில் வெறும் கமா. இடம் மிச்சம் பிடிக்கச் சின்னச் சொற்கள்: விசாரணைக்கு ப்ரோப், ஒப்புதலுக்கு நாட், யோசிப்பதற்கு மல், தகராறுக்கு ரௌ. இந்தக் கடைசிச் சொல்லை வரிசை என்ற பொருளில் வரும் 'ரோ' மாதிரி படித்துவிடக் கூடாது, எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. தமிழ்ப் பேப்பர் படித்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. "லாரி மோதி 2 பேர் பலி" என்பதில் வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல் எங்கே இருக்கிறது? நாம் அதைத் தடங்கலில்லாமல் படிக்கவில்லையா? ஆனால் தலைப்பு ஆங்கிலத்தை மெயிலில் எழுதிவிடாதீர்கள். 'ப்ரோப்' என்று பையருக்கு எழுதினால் துணியில் கறை பட்டதற்கு போலீஸ் விசாரணை வைத்த மாதிரி இருக்கும்.

எனக்குத் திருப்பம் என்றால் 2021 மார்ச் 23. எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டது. ஊருக்கெல்லாம் அது மீம்ஸ். எங்களுக்கு வயிற்றெரிச்சல். திருப்பூர்ச் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடியில் ஏறி, பல சமயம் கொழும்பில் கப்பல் மாறி, சூயஸ் வழியாகத்தான் ஐரோப்பா போகும். எங்கள் கன்டெய்னர்களும் அந்த வழியில் இருந்தன. மணிக்கொரு தடவை செய்தி பார்த்தேன். முதல் நாள் 'ரன் அக்ரௌண்ட்', தரை தட்டியது. அடுத்த நாள் 'வெட்ஜ்டு', இரு கரைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இறுகியது. இழுக்க டக் படகுகள், மணலை வாற ட்ரெட்ஜர். பின்பக்கம் கொஞ்சம் அசைந்ததும் 'பார்ஷியலி ரீஃப்ளோட்டட்'. 29ஆம் தேதி கப்பல் விடுபட்டபோது பின்னால் 300க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்து நின்றன, அப்போது வந்த சொல் 'பேக்லாக்'. அந்த வாரம் முழுக்க இந்தப் பத்துப் பன்னிரண்டு சொற்களைத்தான் எல்லாச் செய்தியும் திருப்பித் திருப்பிச் சொன்னது. நான் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை, இன்றுவரை ஒன்றும் மறக்கவில்லை.

பையரிடமிருந்து 'நாக்-ஆன் எஃபெக்ட்' பற்றிக் கேட்டு மெயில் வந்தபோது, அதாவது இந்தத் தாமதம் அடுத்தடுத்த டெலிவரிகளை எப்படி இடிக்கும் என்று கேட்டபோது, மேனேஜர் லீவில் இருந்தார். நானே பதில் எழுதினேன். எங்கள் கன்டெய்னர் ஏறிய கப்பல் பேக்லாக்கில் இருக்கிறது, புதுத் தேதி தெரிந்ததும் சொல்கிறேன், 'வி வில் கீப் யூ போஸ்டட்' என்று. அந்தக் கடைசி வாக்கியம் சரக்கைக் கப்பலில் அனுப்ப ஏற்பாடு செய்யும் ஒரு ஃபார்வார்டரின் மெயிலிலிருந்து எடுத்தது. "தேங்க்ஸ், வெரி கிளியர்" என்று பதில் வந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு கொஞ்சம் ருசியாகவே இருந்தது.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வழி இதுதான்: பத்துச் செய்தியை ஒரு நாள் படிப்பதைவிட, ஒரே செய்தியைப் பத்து நாள் துரத்துவது. அதுவும் உங்கள் பிழைப்பைத் தொடும் செய்தி. நர்ஸாக இருந்தால் டெங்குச் செய்தி, விவசாயியின் பிள்ளை என்றால் மேட்டூர் நீர்மட்டம், ஐ.டி. என்றால் லே-ஆஃப். எனக்கு 2022ல் நூல் விலை. அந்த ஏப்ரலில் பருத்தி இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு தற்காலிகமாக நீக்கியது, மே 16, 17 தேதிகளில் திருப்பூரே வேலைநிறுத்தம் செய்தது. அப்போது கவனித்த இன்னொன்று, சொல் தனியாக வருவதில்லை, ஜோடியோடு வருகிறது. விலை எகிறினால் 'சோர்' ஆகும், தணிந்தால் 'ஈஸ்' ஆகும். வரியை விதித்தால் 'லெவி' செய்வார்கள், தள்ளுபடி செய்தால் 'வெய்வ்' செய்வார்கள். ஸ்ட்ரைக்கை 'கால்' செய்து, பிறகு 'கால் ஆஃப்' செய்வார்கள். தமிழில் மட்டும் என்ன, விலை எகிறும், வரி விதிப்பார்கள், போராட்டத்தை வாபஸ் வாங்குவார்கள், வேறு மாதிரி சொன்னால் காதில் உறுத்தும். என் நோட்டில் அதிலிருந்து ஒற்றைச் சொல் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ஜோடியாக, முடிந்தால் முழு வாக்கியமாக எழுதுவேன். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது 'ரீரூட்' (வழி மாற்றுவது), 'சர்சார்ஜ்' (கூடுதல் கட்டணம்) என்று இரண்டு மூன்றுதான் புதிது. மீதியெல்லாம் எவர் கிவன் காலத்துப் பழக்கம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, பையரோடு வீடியோ காலில் பேசியது நான்தான்.

காது பழக வேண்டுமே என்று கேட்பீர்கள். நேராக பி.பி.சி. நேரலைக்குப் போனால் மூச்சு முட்டும். பி.பி.சி. லேர்னிங் இங்கிலீஷ் இலவசம். அதில் '6 மினிட் இங்கிலீஷ்' கேட்கலாம், எழுத்து வடிவமும் அங்கேயே இருக்கும். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959லேயே கற்பவர்களுக்கென்று ஸ்பெஷல் இங்கிலீஷ் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள், மெதுவாக வாசிப்பது. அந்தப் பாணிப் பழைய பதிவுகளும் கிடைக்கின்றன. நான் செய்வது, முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பது, பிறகு பார்த்துக்கொண்டு கேட்பது, அப்புறம் வாசிப்பவரோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்வது. பஸ்ஸில் வாய்விட்டுச் சொன்னால் பக்கத்து சீட்டு அம்மா ஒரு மாதிரி பார்ப்பார், அதற்கு மாஸ்க் வசதி.

ஆனால் செய்தி எல்லாவற்றையும் தராது. செய்தி வாசிப்பவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை, நினைவூட்டுவதில்லை, முடியாது என்று மறுப்பதில்லை. அலுவலக வேலையில் பாதி அதுதான். அதற்கு நான் கண்டுபிடித்த பாடப்புத்தகம் எங்கள் பழைய மெயில்கள். தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் பையர்கள் எழுதியவற்றை மட்டும் எடுத்து, தாமதம், மறுப்பு, நினைவூட்டல், வருத்தம் என்று சூழ்நிலைவாரியாகப் பிரித்து வைத்தேன். 'பேர் வித் அஸ்', கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 'ஐ ஆம் அஃப்ரெய்ட்', இதில் பயம் ஒன்றும் இல்லை, அடுத்து கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம். 'ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்' என்று ஆரம்பித்தால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாம்பிளுக்கு இங்கிலாந்து பையரிடமிருந்து 'நாட் குவைட் வாட் வி ஹேட் இன் மைண்ட்' என்று வந்தது. கிட்டத்தட்ட சரி, கொஞ்சம்தான் மாற்றம் என்று டீமில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கழுத்து ரிப்பில் இருந்து பிரிண்ட் வரை மொத்தமும் ரிஜெக்ட் என்பதுதான் அதன் பொருள். ஆங்கிலேயர் திட்டும் விதம் அப்படி.

நம் ஊர் ஆங்கிலமும் ஒரு பிரச்சினை. இது தப்பு என்று சொல்ல மாட்டேன், நமக்குள் பேச அருமையான ஆங்கிலம். ஆனால் நம் பேப்பர்களைப் படித்துப் பழகிய கையோடு வெளிநாட்டுக்கு எழுதும்போது கவனம் வேண்டும். லட்சமும் கோடியும் அவர்களுக்குத் தெரியாது, ஒரு லட்சம் பீஸ் என்றால் 100,000 என்று எண்ணில் எழுதுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நமக்குச் சந்தேகம் கேட்பது, அவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்பது போல் கேட்கும். 'குவெஸ்சன்' என்று போட்டால் தீர்ந்தது. 'ப்ரீபோன்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'டூ தி நீட்ஃபுல்' மூன்றையும் உள்ளூருக்கு வைத்துக்கொள்ளலாம். பேச்சில் பயம் இன்னும் முழுக்கப் போகவில்லை. புரியாதபோது தலையாட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். 'குட் யூ ஸே தட் அகெய்ன், ப்ளீஸ்' என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. எண்கள் வரும்போது கண்டிப்பாகக் கேளுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்று போலவே கேட்கும், 15,000 பீஸுக்கும் 50,000 பீஸுக்கும் நடுவில் ஒரு யூனிட்டின் மாத வேலை இருக்கிறது. கால் முடிந்ததும் 'ஆஸ் டிஸ்கஸ்டு' என்று தொடங்கி, பேசிய எண்ணையும் தேதியையும் உடனே மெயிலில் அனுப்பிவிடுவேன். தேதியை 03/04 என்று எழுதினால் லண்டனில் அது ஏப்ரல் 3, நியூயார்க்கில் மார்ச் 4. ஷிப்மென்ட் தேதியிலாவது மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிடுங்கள்.